ஆட்டு முதுகில் கரிச்சான் இல்லை

முதலில் ஆடுகள் வந்தன. பதினேழு ஆடுகள், முன்னால் ஒற்றைக் கொம்புக் கிடாய். யாரோ விரட்டிவிட்ட மாதிரி மலைச்சரிவில் இறங்கி வந்து, நான் உட்கார்ந்திருந்த பாறையைச் சுற்றிக்கொண்டு, அடிவாரத்தில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்ப் பக்கம் போயின. பின்னால் ஆள் இல்லை.

ஆடுகள் என் மச்சான் ஏழுமலையுடையவை. என் பெண்டாட்டி உண்ணாமலையின் அண்ணன். ஆட்டை விட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கப் போகாதவன்.

ஆள் மட்டுமல்ல, இன்னொன்றும் இல்லை. ஆட்டு முதுகில் கரிச்சான் இல்லை. கரிச்சானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கரி நிறம், வால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்திருக்கும். ஆடு புல்லை மிதித்தால் பூச்சி கிளம்பும், அதைப் பிடிக்கலாம் என்று ஆட்டின் மேலேயே ஓசி சவாரி போகும். மச்சானின் ஆடுகள் மேல் எப்போதும் நாலைந்து உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு கரிச்சான், பின்னால் இரண்டு பனங்காடை, அதற்கும் மேலே ஒரு பருந்து. எல்லாம் ஒரே திசையில், தெற்குப் பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மாசி வெயில். பதினொரு மணி இருக்கும். வானத்தில் புகை ஒரு துளி இல்லை.

என் கைக்கு எட்டுகிற தூரத்தில், புங்க மரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை அடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இதை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். எதையும் நேராகச் சொல்லிப் பழகாத ஆள் நான்.

எழுதுகிற கை

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்த இரண்டாம் வகுப்பையும் இரண்டு தடவை படித்தேன், பாடம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உண்ணாமலை. எட்டாவது பாஸ். நான் ஒரு வாக்கியம் சொன்னால் இரண்டு வசவைச் சேர்த்து எழுதுவாள். பத்திரிகைக்காரர்கள் வாக்கியத்தை வெட்டிவிட்டு வசவைப் போட்டுவிடுகிறார்கள். வாசகர்களும் அதைத்தான் பாராட்டுகிறார்கள்.

போன வாரம் நான் பௌர்ணமிக் கூட்டத்தில் காவி வேட்டி கட்டிச் சாமியார் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைச் சாமியார் என் அசல் பங்காளி என்று தெரிந்து எழுந்து ஓடிய கதை வந்தது. செங்கம் ரோட்டில் நான் காவல் இருக்கும் விடுதியில், அதைப் படித்த ஒருத்தர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். காவலாளிக்கே காவல் போட வேண்டிய அளவுக்குப் புகழ்.

இத்தனை வாரமாக நான் சொன்னதில் ஒரு குருவிகூட வந்திருக்காது. எங்கள் வீட்டில் குருவிப் பேச்சு கிடையாது. தை முடியும்போது குயில் தொண்டையைச் சரி செய்யத் தொடங்கும். முதல் நாலு நாள் பாதிக் கூவலில் சத்தம் உடைந்துபோகும். அந்தச் சத்தம் வந்தால் உண்ணாமலை எழுந்து போய் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். வருஷா வருஷம் இப்படித்தான்.

இன்றைக்குக் காலையில் இந்த வருஷத்துக் குயில் கத்தியது. கொல்லை வேம்பில் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது. அவள் ரேடியோ பக்கம் போவதற்குள் சொன்னேன்.

"நோட்ட எடு. இந்த வாரம் குருவி பத்தி சொல்லப் போறேன்."

"வேணாம்யா."

"வேணும்."

"ஊர்ல எவ்ளோ கத கீது. நீ கெணத்துல வுயுந்தது, போலீசு உன்ன பொண்டாட்டி பொடவையோட புட்ச்சினு போனது. அதெல்லாம் சொல்லு."

"அதெல்லாம் அப்புறம். இத சொல்லலன்னா இனிமே ஒண்ணியும் சொல்ல மாட்டேன்."

நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.

புல்லுக்கு வாட்ச்மேன்

எனக்கு ஊரில் பெயர் கொக்கு. கால் இரண்டும் அப்படி. வயலில் நின்றால் நண்டெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்று மச்சான் சொல்வான்.

இது நடந்தது தொண்ணூறுகளில் ஒரு வருஷம். அதற்கு முன்னால் நானும் மச்சானும் சேர்ந்து மலையில் புல் அறுத்தோம். கூரைக்கும் மாட்டுக்கும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ப் போடுவோம். அவனுக்கு ஆடுகளும் உண்டு.

மாசி வந்தால் மலையில் ஒரு வேலை உண்டு. காய்ந்த புல்லைக் கொளுத்துவது. கொளுத்தினால் பங்குனியில் ஒரு மழை விழுந்ததும் அந்த இடம் பச்சைப் பசேல் என்று துளிர்க்கும், ஆடு கொழுக்கும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. காற்று இல்லாத நேரம் பார்க்க வேண்டும். முதலில் ஆட்டைக் கீழே விரட்டிவிட வேண்டும். அப்புறம்தான் தீக்குச்சி. ஒரு துண்டு இடம் எரிந்ததும் பச்சைக் கிளையால் அடித்து அணைத்துவிட்டு, வேறு வழியாக இறங்கிவிட வேண்டும். எங்கள் அப்பன்மார் செய்தார்கள், நாங்களும் பத்து வருஷம் செய்தோம். நெருப்பு எங்கள் பேச்சைக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் மரம் நடுகிற கூட்டம் ஒன்று வந்தது. மொட்டை மலையில் காடு வளர்க்கப் போகிறோம் என்றார்கள். குழி தோண்ட ஆள் எடுத்தார்கள். நானும் போனேன். நான் கடப்பாரையைத் தூக்குவதற்குள் கடப்பாரை என்னைத் தூக்கியது. பரிதாபப்பட்டு வேறு வேலை கொடுத்தார்கள். தை முதல் சித்திரை வரை ஒரு பாறை மேல் உட்கார்ந்து, புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் இரும்பை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டால் கீழே இருந்து இருபது பேர் ஈரச் சாக்கோடு ஓடி வருவார்கள்.

சும்மா உட்காருவதற்கு ஒரு வேலை! நான் பிறந்ததே அதற்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. யார் பாராவில் எரிகிறதோ அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. தினமும் ஆட்டோடு என் பாறையைத் தாண்டித்தான் போவான். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு ஆரம்பிப்பான்.

"இன்னா மாப்ள, புல்ல அறுத்து வித்துனு இருந்த, இப்ப புல்லுக்கு வாட்ச்மேனா? புல்லு எங்கனா ஓடிப் போயிடப் போவுதா?"

"புல்லுக்கு இல்ல மச்சான், செடிக்கு."

"செடி எங்க கீது, காட்டு? என் ஆடே தேடிப் பாத்துட்டு ஒண்ணியும் கெடைக்கலன்னு வந்துடுச்சி."

"உன் ஆடு தின்னுட்டுதான் தேடுது."

சிரிப்பான். சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவான். "மாசி பொறந்துடுச்சி. பொசுக்கலன்னா பங்குனில இந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு இன்னா போடுவேன்? நீயும் பொசுக்குனவன்தானே. இப்ப இன்னாமோ கலெக்டரு மாதிரி இரும்பு பக்கத்துல குந்தினு கீற."

"என் பாராவுல எரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மச்சான். உன் தங்கச்சிதான் பட்டினி கெடக்கணும்."

"அவ பேர சொல்லியே என்ன மடக்கு. ஒரு நாளைக்கு பாரு, உன் தீப்பெட்டிய வாங்கி உன் எதிர்லயே கொளுத்துறேன்."

அவனுக்குப் பீடி கிடையாது. வெறும் புகையிலைதான். அதனால் தீப்பெட்டியும் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒற்றைக் கண் பைனாகுலர்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீச்சர் மலைக்கு வருவார். மெட்ராஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆசிரமம் பக்கம் வாடகைக்கு அறை எடுத்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. ஒரு குருவி வாலை ஆட்டினால் அதை எழுதிக்கொள்ள அரை மணி நேரம் நிற்பார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. கணக்கெடுப்பில் என்னையும் எழுதிவிடுவாரோ என்று.

குருவிகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர் என்ன என்று என்னைக் கேட்பார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு நானே பெயர் வைத்தேன். புதருக்குள் ஏழெட்டு சேர்ந்து ஓயாமல் கத்துகிற ஒரு பழுப்புக் குருவிக்கு 'சம்பந்தியம்மா' என்றேன். எழுதிக்கொண்டார். அது எந்தப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ, சாமிக்குத்தான் தெரியும்.

அவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி விரிசல். அதை எனக்குக் கொடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதில் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாறை மேல் எனக்குப் பொழுது போதவில்லை.

வசந்தம் என்று படித்தவர்கள் சொல்வது எங்கள் மலையில் மேளதாளத்தோடு வராது. காலையில் பாறையின் ஈரம் குறையும். ஐப்பசியில் வந்த வாலாட்டிக் குருவி, ஊருக்குப் போகிறவன் பெட்டி கட்டுகிற மாதிரி அங்குமிங்கும் ஓடும். இலவ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். மைனாக்கள் அதில் தேன் குடித்துவிட்டுச் சாராயக் கடை வாசல் மாதிரிச் சண்டை போடும். பனங்காடை ஜோடிக்காக வானத்தில் ஏறி, நீல றெக்கையைக் காட்டிக் குட்டிக்கரணம் அடிக்கும். கவுதாரி புல்லுக்குள் முட்டை வைக்கும். மலை மொத்தமும் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும்போதுதான் இவ்வளவும் நடக்கும். ஒரு பொறி போதும் என்கிற நேரத்தில்தான் எல்லாம் கூடு கட்டுகிறது.

அந்தப் பைனாகுலரால் நான் ஒன்று கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

புல்லில் நெருப்புப் பிடித்தால் வெட்டுக்கிளியும் பூச்சியும் கிளம்பி ஓடும். அதைத் தின்னக் கரிச்சான் வரும், பனங்காடை வரும், பருந்து வரும். பள்ளத்துக்குள் பிடித்த நெருப்பின் புகை மேலே ஏறி என் கண்ணுக்குத் தெரிய நேரமாகும். குருவிக்குப் புகை வேண்டாம். ஆட்டு முதுகில் சவாரி செய்கிற கரிச்சான் சவாரியை விட்டுவிட்டு ஒரே பக்கமாகப் போனால், அந்தப் பக்கம் நெருப்பு. மூன்று தடவை பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் சரி. இரண்டு தடவை புகை வருவதற்கு முன்பே இரும்பை அடித்தேன். ஒரு துண்டு நிலம்கூட எரியவில்லை. டீச்சரிடம் சொன்னபோது குழந்தை மாதிரிக் கை தட்டினார். "இது எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்ல, கொக்கு" என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார்.

இந்த இடத்தில் உண்ணாமலையின் பேனா நின்றது.

"இது உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எங்கண்ணன் தீயில மாட்டறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

அவள் பேனாவை உதறினாள். மை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"சொல்லு" என்றாள்.

ஒரு பீடி

அந்தப் பாறைக்குத் திரும்புகிறேன்.

ஆடு தனியாக இறங்கிவிட்டது. கரிச்சான் தெற்குப் பள்ளத்துக்குப் போகிறது. காற்று இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எதையும் மூன்று தடவை சொன்னால்தான் ஏறும் எனக்கு, அன்றைக்குப் பார்த்து உடனே ஏறியது. மச்சான் சொன்னபடி செய்துவிட்டான். ஆட்டை விரட்டிவிட்டுக் கொளுத்திவிட்டான்.

இரும்பின் பக்கம் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

அடித்தால் இருபது பேர் மேலே ஏறி வருவார்கள். மச்சான் கையும் களவுமாக மாட்டுவான். போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் அப்படி மாட்டி, இரண்டு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அவர் ஆட்டுப் பட்டியில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

மச்சான் கெட்டிக்காரன். ஒரு துண்டு எரிந்ததும் அணைத்துவிடுவான். பத்து வருஷம் கூடவே இருந்து பார்த்தவன் நான். எல்லாம் ஒரு பீடி நேரம்தான். அதற்குள் அணைத்துவிட்டு மறுபக்கமாக இறங்கிவிடுவான். புகையே வராமல் போனால் என் பாராவில் எரிந்தது என்றும் ஆகாது. அவன் தப்பிப்பான், என் வேலையும் தப்பிக்கும்.

அவனுக்காகத்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

பீடியை எடுத்தேன். தீக்குச்சியை உரசினேன். நிதானமாக இழுத்தேன்.

பாதி பீடியில் பள்ளத்தில் இருந்து வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது. சரி, அணைக்கிறான், அதுதான் புகை, என்று நினைத்தேன். பருந்து இப்போது மூன்றாகி வட்டம் போட்டது. நான் இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

பீடி முடிகிற நேரத்தில் தோளில் கிடந்த என் துண்டு எழும்பி முகத்தில் அடித்தது. வெயில் ஏறினால் கீழே இருந்து மேலாக ஒரு காற்று கிளம்பும். மலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த காற்று. வெள்ளை நூல் சட்டென்று மஞ்சளாகி, கறுத்து, மலையைப் பிடித்து ஏறியது.

அப்புறம் அடித்தேன். கை வலிக்க வலிக்க அடித்தேன். ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஓடினேன். கொக்குக் கால் அன்றைக்கு ஒரு நாள்தான் உபயோகப்பட்டது.

பள்ளத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே மச்சான் கிடந்தான். கையில் ஒரு கிளை, இலையெல்லாம் கருகிக் குச்சி மட்டும். அவனைச் சுற்றி இருபது அடிக்கு நெருப்பு அணைந்திருந்தது. அந்த இருபது அடிக்குள் போன ஆடியில் நட்ட செடிகள் பதினைந்து இருபது, குழியில் அப்படியே நின்றன. செடி எங்கே இருக்கிறது, காட்டு என்று தினமும் கேட்டவன்.

கொஞ்சம் லூசு

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். கட்டில் மேல் வாழை இலை பரப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். உண்ணாமலை தலைமாட்டில். நான் கதவோரம்.

இரண்டாம் நாள் காலையில் அவளிடம் பேசினான். எனக்கும் கேட்டது.

"எவன் வெச்சான்னு தெர்லம்மா. நான் போவும்போதே எரிஞ்சினு இருந்திச்சி. ஓடிப் போய் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள செடிங்க கிட்ட வந்துடுச்சி. செடி எரிஞ்சா கொக்குக்கு வேல பூடும். சரி, நாம அடிச்சினு இருப்போம், ஆட்ட தொரத்தி வுட்டா அவன் புரிஞ்சிப்பான்னு நெனச்சேன்."

மூச்சு வாங்கிக்கொண்டான்.

"ஆளில்லாம ஆடு எறங்குனா இன்னாமோ ஆச்சின்னு தெரிஞ்சிப்பான்னுதான். இரும்பு சத்தமே வர்ல. எங்கனா வாயப் பொளந்துனு குருவி பாத்துனு இருந்திருப்பான். அவன ஒண்ணியும் கேக்காத. நல்லவன்தான். கொஞ்சம் லூசு."

சாயங்காலம் போய்விட்டான்.

அவன் துணிமணியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் பார்க்காதபோது அதைப் பிரித்துத் தேடினேன். புகையிலைப் பொட்டலம் இருந்தது. தழை அறுக்கிற கத்தி இருந்தது. தீப்பெட்டி இல்லை. அந்த மலையில் அன்றைக்கு உரசியதாக எனக்குத் தெரிந்த ஒரே தீக்குச்சி என்னுடையது.

ஊர் முழுக்க மச்சானின் வார்த்தைதான் பரவியது. கொக்கு குருவி பார்த்துக்கொண்டு இரும்பை அடிக்க மறந்துவிட்டான். யாரும் ஆச்சரியப்படவில்லை. அடிக்கவும் வரவில்லை. கோமாளியை யார் அடிப்பார்கள்? டீக்கடையில் ஒருத்தன், "எப்டிடா பாத்த, செஞ்சி காட்டு" என்றான். ஒற்றைக் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, செய்து காட்டினேன். சிரித்தார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

உண்ணாமலை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பைனாகுலரைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள். பிறகு பேசினாள், சோறு போட்டாள், பிள்ளைகளை வளர்த்தாள். அண்ணன் கேட்டுக்கொண்டபடி என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் குருவிப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

ஒரே ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். பத்து நாள் கழித்து டீச்சர் பாறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்குக் கரிச்சான் போச்சா, கொக்கு?"

"கவனிக்கல டீச்சர்."

என் முகத்தைப் பார்த்தார். ஒரு குருவியைப் பார்க்கிற மாதிரி, அசையாமல், ரொம்ப நேரம். அப்புறம் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் வந்தார். என்னிடம் பெயர் கேட்கவில்லை.

வேலையை விட்டு என்னை யாரும் அனுப்பவில்லை. ஒரு ஆள் செத்த இடத்தில் நிபந்தனையைப் பற்றி எவன் பேசுவான்? பங்குனிப் பாதியில் ஒரு மழை விழுந்தது. நாலாம் நாள் தெற்குப் பள்ளத்தில் கரிக்கு மேலே துளிர் வந்தது. நான் பார்த்த வருஷங்களிலேயே அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. மச்சான் சொன்னது சரி. கவுதாரி கூப்பிட்டது. பனங்காடை குட்டிக்கரணம் போட்டது. பதினேழு ஆடுகளையும் வாங்கிக்கொண்ட ஆள் அவற்றை அங்கேதான் ஓட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நானே இறங்கிவிட்டேன். மறுபடி ஏறவில்லை.

எழுதி முடித்தவள்

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்வரை உண்ணாமலை தலை நிமிரவில்லை. வழக்கமாக அடித்தல், திருத்தல், ஓரத்தில் ஒரு திட்டு எல்லாம் இருக்கும். இந்த வாரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதுகிற பிள்ளை மாதிரி எழுதினாள். அவள் அண்ணன் பேசியதை நான் சொன்னபோது மட்டும், நான் விட்டுப்போன ஒரு வார்த்தையைத் தானாகச் சேர்த்தாள். 'ஓடிப் போய் சொல்லலாம்னு பாத்தேன்' என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

"இத தபால்ல போடறதா, அடுப்புல போடறதா, உன் இஷ்டம்" என்றேன்.

கொல்லையில் குயில் மறுபடி கத்தியது. அவள் ரேடியோ பக்கம் போகவில்லை. பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"முழு பீடியா?" என்று கேட்டாள்.

"முழுசும்."

"பாதியில தூக்கிப் போடல?"

"இல்ல. கடேசி வரைக்கும் இழுத்தேன். கை சுடற வரைக்கும்."

"சுட்டுச்சா?"

"சுட்டுச்சி."

அதையும் எழுதிக்கொண்டாள்.